மதுரைக்கு ஒரு வழிகாட்டி

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலக்கியம் காட்டும் மதுரைப் பயணங்களில் தலையாயது கோவலனும் கண்ணகியும் மேற்கொண்ட பயணம். அவர்களுக்கு வழித்துணையாய் வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமண மூதாட்டியார். வயல் வழியே நடந்தால் காலடியில் சிற்றுயிர்கள் மாயுமே என்று அஞ்சியஞ்சி வழி சொன்னவர் அவர். மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தவரும் அவரே. தாம் வழிகாட்டி அழைத்து வந்தவர்களுக்கு நேர்ந்ததைக் கேட்டபின் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். வழிகாட்டுதல் என்பது எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை அக்காப்பியம் அவர் வாழ்வைக் கொண்டே உணர்த்துகிறது.

இன்றும் மதுரையில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். மகிழுந்தை வாடகைக்கு அமர்த்தி, ஊர் வரலாறு அறிந்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் நகரைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வாறு சென்று வந்த ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தின் ஒருநாள் அனுபவமே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த குடும்பம் அது. எழுபது வயதைக் கடந்த பெரியவர், அவருடைய மகன், மருமகள், பதினான்கு வயதுப் பேத்தி, பத்து வயதுப் பேரன் என ஐவர். சென்னையில் பேரன் படிக்கும் பள்ளியில் ஒரு மாணவன், "நீ ஜைனன் என்கிறாயே, உன் வீட்டில் இந்தியா பேசுவார்கள்?" என்று கேட்டுவிட்டான். "தமிழ்தான்" என்று சொன்னபோது வகுப்பில் எவரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சிறுவன் அதைச் சொன்னான். பெரியவர் அவனுக்கு நெடிய விளக்கம் எதுவும் தரவில்லை. "வருகிற தை மாதம் மதுரைக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளை எண்பெருங்குன்றம் என்று மரபு குறிக்கும். அவை திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடப்பவை. பேருந்தில் சென்றால் ஒரு நாளில் இரண்டைக் காண்பதே அரிது. மேலும், வெங்காயம், பூண்டு, கிழங்கு நீக்கிய உணவு வேண்டும். குடிப்பதற்கு வடிகட்டிய நீர் வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவும் வேண்டும். இவற்றை எண்ணியே தனி ஊர்தி அமர்த்தப்பெற்றது. மருமகள் இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டி எடுத்துக்கொண்டார். வழிகாட்டியாக வந்தவர் மேலூர்ப் பக்கத்து இளைஞர். ஊர்தியை ஓட்டியவரும் அவரே.

விடியுமுன் புறப்பட்டு முதலில் அவர்கள் சென்றது வடகிழக்கே உள்ள மாங்குளம். மீனாட்சிபுரத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் குன்று. பெரியவர் பலமுறை நின்று நின்று ஏறினார். மேலே குகைத்தளங்களில் கற்படுக்கைகள் உள்ளன. "ஊரில் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், ஐயா. ஆனால் வடக்கேயிருந்து வந்த சமண முனிவர்கள் தங்கிய இடம் இது" என்றார் வழிகாட்டி.

பெரியவர் மறுக்கவில்லை. பாறை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடியையும், அதை ஒட்டிப் பொறித்த எழுத்துகளையும் பேரனுக்குக் காட்டினார். 1882இல் இராபர்ட் சீவெல் இக்கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். பிராமி எழுத்தில் அமைந்த இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு இப்பள்ளி அமைக்கப்பெற்றது. கொடையாளருள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் அலுவலரான கடலன் வழுதி ஒருவர். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் கொடையளித்துள்ளனர். இந்நெடுஞ்செழியன் வேறு, சிலப்பதிகாரம் கூறும் மன்னன் வேறு என்பதே ஆய்வாளர் கருத்து. பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது என்பதையும் பெரியவர் சொல்லிவைத்தார்.

"தாத்தா, இதில் 'க' எது?" என்று கேட்டாள் பேத்தி. கூட்டல் குறிபோல் இருப்பது 'க' என்று அவர் காட்டினார். ழ, ள, ற, ன ஆகிய நான்கு ஒலிகளுக்கும் வடபுலத்துப் பிராமியில் இல்லாத தனி எழுத்துகள் இங்கே வகுக்கப்பட்டன என்பதையும் விளக்கினார். பிறகு வழிகாட்டியை நோக்கிச் சொன்னார்:

"தம்பி, முனிவர்களில் சிலர் வடக்கேயிருந்து வந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்காகக் கல் வெட்டியவர், கொடை கொடுத்தவர், அந்தக் கொடையைத் தமிழில் எழுதிவைத்தவர் எல்லாரும் இந்த மண்ணின் மக்கள். கேட்டவர் புரிந்துகொள்ளும் மொழியில்தானே எழுதுவார்கள்?"

வழிகாட்டி சற்று நேரம் அவ்வெழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கள் எந்த ஊர், ஐயா? வீட்டில் தமிழா பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். பள்ளியில் கேட்கப்பட்ட அதே கேள்வி. பேரன் முந்திக்கொண்டு, "எங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டனர்.

அடுத்து அவர்கள் கண்டது அரிட்டாபட்டி. கழிஞ்சமலைக் குகையிலும் பழந்தமிழ்க் கல்வெட்டு உண்டு. அதனருகே பாறையில் புடைப்புச் சிற்பமாகத் தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்று அமைந்துள்ளது. அதன் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அக்குன்றைத் திருப்பிணையன்மலை என்று குறிக்கிறது. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவர் என்கிறது. அதனைக் காக்கும் பொறுப்பு ஊரார்மீது வைக்கப்பட்டதையும் கூறுகிறது.

அக்காவல் இன்றளவும் தொடர்கிறது என்றே சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வெளியானது. சுற்றுவட்டார ஊர் மக்கள் எதிர்த்து எழுந்தனர். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. போராடிய உழவர்களுள் சமணர் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவர்கள் தம் வயலையும் ஏரியையும் ஊற்றையும் காக்கப் போராடினர். குன்றும் அதிலுள்ள திருமேனியும் உடன் காக்கப்பட்டன. அவர்களுள் வழிகாட்டியின் உறவினரும் இருந்தனர். "என் பெரியப்பா வீட்டில் அந்த மாதம் முழுவதும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை" என்றார் அவர். பெரியவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒத்தக்கடையை அடுத்த யானைமலை. படுத்திருக்கும் களிறுபோல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒரே பாறை. அங்குள்ள பழங்கல்வெட்டு அக்குன்றை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி ஆகியோரின் திருவுருவங்கள் பாறையில் வரிசையாக உள்ளன. பழைய வண்ணப் பூச்சின் எச்சம் இன்றும் தெரிகிறது. அதே மலையில் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770இல் அமைத்த நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. முருகனுக்குரிய குடைவரையும் இருக்கிறது. ஒரு மலை மூன்று வழிபாட்டுக்கும் இடம் கொடுத்துள்ளது.

நண்பகலுக்குச் சற்று முன்னர் மீனாட்சியம்மன் கோயிலை அடைந்தனர். பொற்றாமரைக் குளக்கரையில் அமர்ந்தபோது வழிகாட்டி, எல்லாப் பயணிகளுக்கும் சொல்லும் வழக்கப்படி, ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். கூன்பாண்டியனின் வெப்புநோய், அனல்வாதம், புனல்வாதம், இறுதியில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டமை. பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம் எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்பது நினைவுக்கு வந்து, அவர் குரல் தணிந்தது. ஆயினும் கதை முடிந்துவிட்டது.

பேரன் பெரியவரின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நம்மையா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியைத் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் எல்லாரும் ஏதேனும் ஒரு நாளில் கேட்டிருப்பர். சிலர் வெகுண்டு விடை கூறுவர். சிலர் பேச்சை மாற்றுவர். பெரியவர் இரண்டையும் செய்யவில்லை. "இதற்கு விடை மாலையில் போகும் மலையில் இருக்கிறது. அதுவரை பொறு" என்றார்.

மதிய உணவும் ஓய்வும் முடிந்தபின், திருமலை நாயக்கர் மகாலைக் கண்டுவிட்டு, மேற்கே கீழக்குயில்குடிக்குச் சென்றனர். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அவற்றின் பின்னே சமணர் மலை. தென்மேற்குப் புறத்தில் செட்டிப்புடவு. குகையின் வெளிப்புறத்தில் பெரிய அளவில் அமர்ந்த கோலத்தில் தீர்த்தங்கரர். உள்ளே முக்குடையின்கீழ் மூவர், இருபுறமும் இயக்கியர், ஒருத்தி அரிமாமேல் அமர்ந்து யானைமீது வரும் பகைவனோடு பொருகிறாள். அங்குள்ள வட்டெழுத்துகளில் குரண்டித் திருக்காட்டாம்பள்ளி ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கர்களும் பெயர் பெயராய்ச் சொல்லப்படுகின்றனர்.

மலையின் மறுபுறம் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாக எட்டுத் திருவுருவங்கள். கீழே வற்றாத சுனை. அவற்றின்கீழ்ச் செய்வித்தவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தியின் தாயார் குணமதியாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. அதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் எஞ்சியுள்ளது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் எழுந்த அப்பள்ளிக்கு அவன் அரசியாகிய வானவன் மாதேவியின் பெயர் இடப்பட்டது. 2012இல் இதே மலையில் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கண்டறியப்பட்டது.

பெரியவர் சுனையருகே அமர்ந்து பேரனை அருகில் அழைத்தார். வழிகாட்டியும் வந்து அமர்ந்தார்.

"திருஞானசம்பந்தர் எந்த நூற்றாண்டு?" என்று பேத்தியைக் கேட்டார்.

"ஏழாம் நூற்றாண்டு என்று படித்தோம்."

"வீரநாராயண பாண்டியன்?"

அவளுக்குத் தெரியவில்லை. வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. "ஒன்பதாம் நூற்றாண்டு, ஐயா. எண்ணூற்று அறுபது முதல் தொள்ளாயிரத்து ஐந்து வரை என்று சொல்வார்கள்."

"அப்படியானால், மதுரையில் சமணரே இல்லாமல் ஒழிந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மதுரைக்குப் பக்கத்திலேயே, பாண்டியன் தேவியின் பெயரால், இத்துணைப் பெரிய பள்ளி எழுந்திருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், மாணாக்கர் இருக்கிறார். ஒரு முனிவரின் தாய் பெயரைச் சொல்லித் திருமேனி செய்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் பெருவிரிவாகச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கல்வெட்டு எதிலும் அச்செய்தி இல்லை. வாதம் நடந்திருக்கும், பகை இருந்திருக்கும், அரசர் ஆதரவு மாறியிருக்கும்; சமணம் நலிந்ததும் உண்மை. ஒருவருக்கும் துன்பம் நேரவில்லை என்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எண்ணாயிரம் பேரும் ஒரே நாளில் முடிந்தார்கள் என்றால், இந்தக் கல்லை வெட்டியவர் யார்?"

பேரன் சிற்பங்களை ஒருமுறை எண்ணினான். "எட்டு" என்றான். அவன் முகம் தெளிந்திருந்தது.

வழிகாட்டி மெல்லக் கேட்டார்: "ஐயா, நான் பத்தாண்டாக இந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்பவர்களுக்கும் பிடித்திருக்கிறது. இனி என்ன சொல்வது?"

"கதையைச் சொல்லுங்கள், தம்பி. அது கோயில் ஓவியத்தில் இருக்கிறது, புராணத்தில் இருக்கிறது. அதை மறைப்பதும் பொய்தான். ஆனால் கதை என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு அவர்களை இங்கே அழைத்து வாருங்கள். கல்லையும் பேசவிடுங்கள்."

அப்போது பெரியவர் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். அச்சணந்தியின் பெயர் யானைமலை, அழகர்மலை, ஐவர்மலை, உத்தமபாளையம் எனப் பல இடங்களிலும் உள்ளது. தெற்கே குமரி மாவட்டத்துச் சிதறாலிலும் உண்டு, வடக்கே வேலூரை அடுத்த வள்ளிமலையிலும் உண்டு.  ஊர்தி ஏறாத துறவி ஒருவர் அங்கிருந்து குமரி வரை நடந்திருக்கலாம். ஒருநாள் மகிழுந்துப் பயணத்தில் களைத்துப்போனவர்கள் அதைக் கேட்டுச் சற்று நாணினர்.

சுனையருகே சிலர் எண்ணெய் வார்த்த கறையும், பாறையில் பெயர் கீறிய வடுவும் இருந்தன. கீறியவர்களைக் கண்டிப்பது எளிது. பக்தி மிகுதியால் எண்ணெயும் மஞ்சளும் பூசுவோர் சமணருள்ளும் உளர். தொல்லியல் துறையின் காவலில் உள்ள ஆயிரம் ஆண்டுத் திருமேனிகளுக்கு அவை கேடு. மருமகள் கொண்டுவந்திருந்த அரிசியையும் பூவையும் படைக்காமல், கைகூப்பிப் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லி எழுந்தார். அதுவே தக்க வழிபாடு. ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கி, ஆலமரத்தடியில் எஞ்சிய உணவை வழிகாட்டியோடு பகிர்ந்து உண்டனர். கதிரவன் மறைய இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

இப்பயணத்திலிருந்து பெறத்தக்கவை சில உண்டு. மதுரைக்குச் செல்லும் சமணக் குடும்பங்கள், காண்பதற்குரிய இடங்களை முன்னரே எழுதி வழிகாட்டியிடம் கொடுக்கவேண்டும். இல்லையேல் கோயிலும் மகாலும் கடைவீதியுமே சுற்றுலா என்றாகிவிடும். காலையில் ஏற்றம் மிகுந்த குன்று, மாலையில் படிகள் அமைந்த குன்று என்று வகுத்துக்கொண்டால் முதியோரும் காணலாம். மார்கழி, தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கற்படுக்கைகளில் செருப்புடன் ஏறலாகாது.

இவற்றினும் முதன்மையானது வழிகாட்டியுடன் பேசுவது. ஒரு நகரம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நூல்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாள்தோறும் நூறு பயணிகளுக்கு ஊர்தியோட்டுநரும் வழிகாட்டியும் சொல்லும் சொற்களே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மதுரையில் பசுமை நடை அமைப்பினர் பொதுமக்களைத் தொடர்ந்து இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்று வரலாறு சொல்லி வருகின்றனர். இக்குன்றுகளைப் பிறர் இவ்வளவு அன்புடன் காக்கும்போது, அவற்றை எழுப்பிய மரபினர் வீட்டிலிருந்தபடி வருந்துவது போதாது. சென்று காணவேண்டும், அறிந்ததை அமைதியாகச் சொல்லவேண்டும், அறியாததைக் கேட்டுக்கொள்ளவேண்டும். பல பக்கங்களிலிருந்தும் ஒரு பொருளை நோக்கச் சொல்லும் அநேகாந்தம் கற்பிப்பது அதுவே.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் அந்த இளைஞர் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசினார். திருச்சியிலிருந்து வந்த பள்ளி மாணவர்களைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போனதாகவும், ஒரு சிறுமி, "துறவிகள் தங்கிய இடத்துக்கு ஏன் பள்ளி என்று பெயர்? அது நாங்கள் படிக்கும் இடம் அல்லவா?" என்று கேட்டதாகவும், தமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை என்றும் கூறினார். படுக்கைக்கும் பள்ளி என்று பெயர், துறவியர் உறைவிடத்துக்கும் பள்ளி என்று பெயர், கல்வி கற்கும் இடத்துக்கும் பள்ளி என்று பெயர்; துறவியர் தம் உறைவிடத்திலேயே மாணாக்கருக்குக் கற்பித்தனர் என்பதற்குச் செட்டிப்புடவுக் கல்வெட்டே சான்று என்று பெரியவர் விளக்கினார். "அந்தப் பிள்ளையின் ஆசிரியருக்குச் சொல்லியனுப்புகிறேன், ஐயா" என்றார் அவர்.

பேரன் இப்போது தன் வகுப்பில், கூட்டல் குறிபோல் எழுதினால் அதுதான் பழைய 'க' என்று நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இந்தியா பேசுவீர்கள் என்று கேட்ட மாணவனும் அதை எழுதக் கற்றுக்கொண்டான்.

கவுந்தியடிகள் நடந்து காட்டிய மதுரை, செல்வோருக்காக இன்னும் காத்திருக்கிறது. வரும் தை மாதத்தில் இவ்வவையிலுள்ள குடும்பங்களுள் சிலவேனும் அங்குச் செல்லுமாயின் இவ்வுரை பயன் பெறும்.

அறம் வளர்க!